பிறர் படிக்கக் கேட்ட கடிதங்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்த இருபத்தைந்து ஆண்டுகளின் வரலாற்றைக் குறித்துப் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டார். அதைப் பேசுதற்கு என்னினும் தகுதியுடையோர் மூவர் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆதலால், அண்மையில் நான் கேட்ட நாவல் ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். 'படித்த நாவல் என்று சொல்லுங்கள்' எனச் செயலாளர் திருத்தினார். இல்லை, கேட்ட நாவல் என்றே சொன்னேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த நான், நாவல் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை காதால் கேட்டது வாழ்நாளில் இதுவே முதன்முறை.

சென்ற ஆண்டு என் வலக் கண்ணில் விழித்திரை அறுவை நடந்தது. ஆறு வாரங்கள் நூலைத் தொடக் கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டுவிட்டார். படிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது எத்தகைய தண்டனை என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். ஆங்கில முதுகலை பயிலும் என் பேத்தி, "தாத்தா, படிக்கத்தானே கூடாது என்றார்? கேட்கலாம் அல்லவா?" என்று சொல்லித் தன் கைப்பேசியைத் தலையணையருகே வைத்தாள். அதிலிருந்து ஒரு பெண்மணியின் குரல் எழுந்தது. அக்குரல் ஆலிஸ் வாக்கர் அவர்களுடையது. அவர் 1982ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி கலர் பர்ப்பிள்' என்னும் நாவலை அவரே படித்துப் பதிவு செய்திருக்கிறார். 1983ஆம் ஆண்டு புனைகதைக்கான புலிட்சர் பரிசு அந்நூலுக்குக் கிடைத்தது. கறுப்பினப் பெண் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறையாகும்.

அந்நாவலில் கதை சொல்லி என்று தனியே எவரும் இல்லை. முழுவதும் கடிதங்களே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் செலி என்னும் ஏழைக் கறுப்பினப் பெண் எழுதும் கடிதங்கள். கதை தொடங்கும்போது அவளுக்கு வயது பதினான்கு. தன் தந்தை என்று அவள் நம்பியிருக்கும் மனிதனாலேயே அவள் சீரழிக்கப்படுகிறாள். இதைக் கடவுளைத் தவிர வேறு எவரிடமும் சொல்லாதே என்று அவன் மிரட்டுகிறான். அவள் அந்த மிரட்டலுக்குச் சொல்லுக்குச் சொல் பணிந்து, கடவுளுக்கே கடிதம் எழுதத் தொடங்குகிறாள். அக்கடிதங்களுக்கு அஞ்சல் தலை இல்லை, முகவரி இல்லை, மறுமொழியும் இல்லை.

கடிதங்களாலேயே நாவல் புனையும் முறை பழையது. 1740ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்னும் அச்சகத்தார் 'பமீலா' என்ற நாவலை வெளியிட்டார். பணிப்பெண் ஒருத்தி தன் ஏழைப் பெற்றோருக்கு எழுதும் கடிதங்கள் அவை. நாட்டுப்புறத்தார் பார்த்து எழுதுவதற்கான மாதிரிக் கடிதங்களைத் தொகுத்துத் தருமாறு நூல் விற்பனையாளர் இருவர் அவரைக் கேட்டிருந்தனர். அந்த வேலைக்கு நடுவே பிறந்ததே அந்நாவல். மற்றொரு செய்தியும் உண்டு. ரிச்சர்ட்சன் பதின்மூன்று வயதுச் சிறுவனாய் இருந்தபோது, இளம்பெண்கள் மூவர் தத்தம் காதலர்க்கு மறுமொழி எழுதித் தருமாறு அவரை நாடினராம். ஒருத்தி வந்து செல்வது மற்றொருத்திக்குத் தெரியாதாம். பிற்காலத்தில் அவரே இதை எழுதி வைத்துள்ளார். பிறர்க்குக் கடிதம் எழுதிக் கொடுத்த சிறுவன் எவ்வளவு இரகசியங்களைச் சுமப்பான் என்பதை நான் அறிவேன். அதற்குப் பின்னர் வருகிறேன். நம் தமிழிலும் மறைமலையடிகள் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்ற நாவலை இவ்வகையில் எழுதியுள்ளார்.

ஆயினும் பமீலாவுக்கும் செலிக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பமீலா எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. செலியின் முன்னோர் எழுதுவதோ குற்றம். தென் கரோலினாவில் 1740இல், அதாவது பமீலா வெளிவந்த அதே ஆண்டில், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தடை செய்து சட்டம் இயற்றினர். ஜார்ஜியாவில் 1829இல் இயற்றிய சட்டமோ எழுதவும் படிக்கவும் கற்பிப்போர்க்குத் தண்டத்தொகையும் கசையடியும் விதித்தது. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் பள்ளி எளிதில் வந்துவிடவில்லை. செலி கருவுற்றதும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகின்றனர். தங்கை நெட்டி பள்ளி சென்று வந்து, தான் கற்றதை அக்காளுக்குக் கற்பிக்கிறாள். கொலம்பஸ் வந்த கப்பல்களின் பெயர்களைச் செலி தன் நாவுக்கு ஏற்றவாறு சிதைத்தே நினைவில் வைத்திருக்கிறாள். அவ்விடத்தில் என் பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாஸ்கோடகாமாவின் பெயரை நாங்கள் முதலில் எவ்வாறு உச்சரித்தோம் என்பதை இங்குச் சொல்லப் போவதில்லை.

கடிதம் என்றதும் நினைவுக்கு வருவது ஒன்று. 1946ஆம் ஆண்டு அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளை அதில் கேட்டிருந்தார். டுபாய்ஸ் அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே மறுமொழி விடுத்தார். கடல் கடந்து சென்ற அவ்விரு மடல்களும் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. எழுத்து மறுக்கப்பட்ட இரண்டு கூட்டத்தார்க்குள் நடந்த அந்தப் பரிமாற்றத்தை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இனி, கேட்டதைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் இரவு எனக்குப் பாதிதான் விளங்கிற்று. செலியின் மொழி நான் கற்பித்த ஆங்கிலம் அன்று. வினைச்சொற்கள் நான் சிவப்பு மையால் திருத்தியிருக்கக்கூடிய விதத்தில் வந்தன. அச்சிட்ட நூலில் பார்த்தால் எழுத்துப் பிழைகளும் கண்ணில் படும். 'இவள் அரைகுறையாகப் படித்தவள்' என்று கண் உடனே தீர்ப்பு எழுதிவிடும். காதுக்கு எழுத்துப் பிழை தெரியாது. மூன்றாம் இரவில் எனக்கு அது பிழையான ஆங்கிலமாகவே தோன்றவில்லை. திண்ணையில் அமர்ந்து ஒருத்தி தன் பாடுகளைச் சொல்வதாகவே தோன்றிற்று. நாவலின் பிற்பகுதியில் செலியோடு தையல் வேலை செய்யும் ஒருத்தி அவளது பேச்சைத் திருத்த முயல்கிறாள். ஊரார் நகைப்பார்களே என்பது அவளது கவலை. செலிக்கோ தன் மனத்துக்கு அந்நியமாய்த் தோன்றும் பேச்சைப் பேசுவது மடமையாகப் படுகிறது. நான் எத்தனை குழந்தைகளின் வீட்டுப் பேச்சை வகுப்பறையில் எள்ளி நகையாடியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நினைவில் இல்லை. இரண்டு முகங்கள் மட்டும் நினைவில் உள்ளன.

கடிதத்தின் விளிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூலாகப் படிப்பவர் 'அன்புள்ள' என்று தொடங்கும் வரியைத் தாண்டிச் சென்றுவிடுவார். கேட்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு கடிதமும் கடவுளை அழைத்தே தொடங்குகிறது. கேட்டுக் கேட்டுக் கோயில் மணியோசை போல் அது பழகிவிடுகிறது. ஒருநாள் அவ்விளிப்பு மாறுகிறது. கடவுளுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுத் தங்கை நெட்டிக்கு எழுதத் தொடங்குகிறாள். தன்னைப் பெற்ற உண்மையான தந்தை, கடை வைத்து முன்னேறிய குற்றத்துக்காக வெள்ளையரால் கொல்லப்பட்டவர் என்பதை அவள் அறிந்த பின்னர் இது நிகழ்கிறது. அந்தப் பெயர் மாற்றம் காதில் விழுந்ததும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வெறும் இரண்டு சொற்கள்தாம் அவை.

குரலால் இழப்பதும் உண்டு. செலி தன் கணவனின் பெயரை எழுதுவதில்லை. 'மிஸ்டர்' என்று எழுதி ஒரு கோடு இழுத்துவிடுகிறாள். கோட்டுக்கு ஒலி ஏது? நம் தாய்மார்களும் கணவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். அது மரியாதை என்கிறோம். செலியின் கோட்டில் மரியாதையைக் காட்டிலும் அச்சம் மிகுதி. இக்கடிதங்களில் நாள் குறிப்பும் இல்லை. காதால் கேட்பவன் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்க இயலாது. எத்தனை ஆண்டுகள் கடந்தன என்பதைக் குழந்தைகள் வளர்ந்ததைக் கொண்டுதான் கணக்கிட்டேன். நெட்டி ஆப்பிரிக்காவிலிருந்து எழுதும் கடிதங்கள் சில இடங்களில் பாடநூல் போல் நீள்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருமுறை உறங்கிப் போனேன்.

ஆலிஸ் வாக்கர் 1944இல் ஜார்ஜியாவின் ஈட்டன்டன் என்னும் ஊரில், வாரத்துக்கு நிலம் உழுத குடும்பத்தில், எட்டாவது குழந்தையாகப் பிறந்தவர். எட்டு வயதில் தமையன் விளையாட்டாகச் சுட்ட காற்றுத் துப்பாக்கியின் குண்டு பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டிருந்த எனக்கு, பேத்தி இதைச் சொன்னபோது அந்தக் குரல் இன்னும் நெருக்கமாயிற்று. நூலின் இறுதியில் அவர் தம்மை ஆசிரியர் என்பதோடு, மாந்தர்களின் சொற்கள் தம் வழியே வந்ததாகவும் குறித்துக்கொள்கிறார். கறுப்பின ஆண்களை இழிவுபடுத்தி விட்டார் என்று அவர்தம் மக்களிடையேயே கண்டனம் எழுந்ததும் உண்மை. 1985இல் திரைப்படமாக வந்தபோது அது மேலும் வலுத்தது. வீட்டுக் குற்றத்தை வீதியில் சொல்லலாமா என்ற வினா நமக்கும் புதிதன்று. நான் ஆசிரியர் பக்கமே நிற்கிறேன்.

கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அக்காளைப் பிரிந்து செல்லும் நெட்டி, கடிதம் எழுதுவதாக வாக்களித்துச் செல்கிறாள். ஆண்டுகள் செல்கின்றன, ஒரு கடிதமும் வரவில்லை. தங்கை இறந்துவிட்டாள் என்றே செலி எண்ணுகிறாள். உண்மையில் நெட்டி இடைவிடாது எழுதிக்கொண்டிருந்தாள். செலியின் கணவன் அத்தனை கடிதங்களையும் தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். ஷக் என்னும் தோழி அதைக் கண்டுபிடிக்கிறாள். இருவரும் உறைகளை ஆவியில் காட்டிப் பிரித்துக் கடிதங்களை எடுத்துக்கொண்டு, வெற்றுறைகளைப் பழையபடி பெட்டியில் வைத்துவிடுகின்றனர். பழகாத சொற்களைச் செலி தடுமாறித் தடுமாறிப் படிக்கிறாள்.

அவ்விடத்தில், "போதும், நிறுத்து அம்மா" என்றேன். பேத்தி களைப்பு என்று எண்ணி விளக்கை அணைத்துவிட்டுச் சென்றாள். அது களைப்பு அன்று.

1957ஆம் ஆண்டு. வட ஆர்க்காடு மாவட்டத்தில் எங்கள் ஊர்ச் சேரியில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் நால்வர். அவருள் நான் ஒருவன். எனக்கு வயது பதினொன்று. பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை நான் படிக்க, இருபது பேர் சுற்றி அமர்ந்து கேட்பர். வள்ளுவப் பெருந்தகை 'கல்வி', 'கல்லாமை' என்ற அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்ற அதிகாரத்தை வைத்ததன் பொருளை நான் அங்கேதான் உணர்ந்தேன். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் கோலார் தங்க வயலில் வேலை செய்தனர். 2001இல் மூடப்பட்டுவிட்ட அச்சுரங்கங்களில் மண்ணுக்குள் இறங்கியவர்களில் பெரும் பகுதியினர் நம் மக்களே. அவர்களிடமிருந்து வரும் தபால்களைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. கூலியாக வேர்க்கடலையோ வெல்லமோ கிடைக்கும்.

அடுத்த வீட்டுச் சின்னம்மாவின் கணவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தார். அவருடைய கடிதம் வந்தால் அவர் தமையனார்தாம் தபால்காரரிடம் வாங்குவார். ஒருநாள் அவர் என்னைப் புளியமரத்தடிக்கு அழைத்துச் சென்று முதலில் தமக்குப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். 'இவ்விடம் யாவரும் சேமம், அவ்விடம் சேமம் அறிய ஆவல்' என்று வழக்கம்போல் தொடங்கிய அக்கடிதத்தின் நடுவே, 'பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும், சிலேட்டுக்கும் பாவாடைக்கும் ஐந்து ரூபாய் கூட்டி அனுப்பியிருக்கிறேன்' என்று இருந்தது. பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. வாங்கிய கடனுக்காக ஊர்ப் பெரிய வீட்டில் மாடு மேய்க்க விட்டிருந்தார்கள்.

"டேய் தம்பி, புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கறதப் பத்தி எழுதியிருக்கான் பாரு, அத வுட்டுட்டுப் படிடா. வாங்கன கடன் தீரல. அவ கேட்டா அழுவா" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை, அடிக்கவும் இல்லை. தோளில் கையை வைத்துத்தான் சொன்னார்.

நான் விட்டுவிட்டுப் படித்தேன். சின்னம்மா வாசற்படியில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை அசைத்துக் கேட்டார். முடிந்ததும், "அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்" என்றேன். இரண்டு திங்கள் கழித்து வந்த கடிதத்தில், 'பெண்ணைச் சேர்த்தாயா, ஏன் அது பற்றி ஒன்றும் எழுதவில்லை' என்று கேட்டிருந்தார். அதையும் விட்டேன். மூன்றாம் கடிதத்தில் அவர் அதைக் கேட்கவில்லை.

செலியின் கணவனைக் கொடியவன் என்று கேட்டுக்கொண்டே வந்தவன் நான். அவனுக்குப் பெட்டியும் பூட்டும் தேவைப்பட்டன. எனக்கு அவைகூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் மீண்டும் கேட்டோம். நெட்டி ஆப்பிரிக்காவில் ஒலிங்கா என்ற மக்களிடையே வாழ்கிறாள். ஆசிரியர் கற்பித்த மக்கள் அவர்கள். அங்கே பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில்லை. இதைக் கண்ட ஒலிவியா என்னும் சிறுமி, கறுப்பர் கற்பதை விரும்பாத நம் ஊர் வெள்ளையரைப் போலவே இவர்களும் இருக்கிறார்களே என்கிறாள். ஒரு குழந்தையின் வாயில் அதை வைத்தது நன்று. நம் விடுதியிலும் ஆண் பிள்ளைகளுக்குக் கட்டடம் எழும்பிப் பதினோரு ஆண்டுகள் கழித்தே பெண் பிள்ளைகளுக்கு எழும்பிற்று. அதைச் செயலாளர் தம் அறிக்கையில் ஒரே வரியில் கடந்துவிட்டார். நான் மற்றொரு வரி சேர்க்கிறேன், பொறுத்தருள்க.

பின்னர் செலி நெட்டிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பிரிக்கப்படாமலே கட்டாகத் திரும்பி வருகின்றன. நெட்டி வந்த கப்பல் மூழ்கிற்று என்ற தந்தியும் அதே நாளில் வருகிறது. செலி அதை நம்பாமல் மேலும் எழுதுகிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன். மாணவியர் கேட்க வேண்டும்.

கண் கட்டு அவிழ்ந்த பின் நான் ஊருக்குச் சென்றேன். மாடு மேய்த்த அச்சிறுமி இன்று எழுபத்தைந்தைக் கடந்த மூதாட்டி. கையெழுத்துப் போடத் தெரியாது. சின்னம்மாவும் அவர் கணவரும் எப்போதோ மறைந்துவிட்டனர். திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று எண்ணிச் சென்றேன். அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அந்தக் கடுதாசி இருக்குதாண்ணா?" என்றார். இல்லை என்றேன்.

"அப்பா எப்பிடி எழுதியிருந்தாரு? மொதல்லருந்து சொல்லு" என்றார்.

சொன்னேன். சேமத்திலிருந்து தொடங்கி, சுரங்கத்துச் சூட்டைச் சொல்லி, சிலேட்டையும் பாவாடையையும் ஐந்து ரூபாயையும் சொல்லி, ஒரு வரியும் விடாமல் நினைவிலிருந்தபடி சொன்னேன். அவர் தம் தாயார் செய்வதுபோலவே ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை அசைத்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இரண்டாம் கடிதத்தையும் கேட்டார். 'ஏன் அது பற்றி ஒன்றும் எழுதவில்லை' என்று அவர் தந்தை கேட்டிருந்ததையும் சொன்னேன். அதன் பின் அவர் பேசவில்லை. பொழுது சாய்ந்தது; ஆட்டைக் கட்ட எழுந்து போனார்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓர் அறிவிப்பைச் சொல்லி அமர்கிறேன். வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு விடுதிக் கூடத்தில் இந்நாவலின் முதல் பத்துக் கடிதங்களைக் கேட்கலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் பின் என் பேத்தி அதைத் தமிழில் சொல்வாள். எங்கள் ஊர் மூதாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மழை பெய்தால் வரமாட்டாராம். அவருக்குச் சாய்வு நாற்காலி ஒன்று வேண்டும். விடுதிக் காப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.